“வாடிக்கையாளர் அந்த பிராண்டைத்தான் விரும்புகிறார்” என்று ஓர் அறிக்கை சொன்னால்: செலவழிக்கும் முன் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

திருச்சியில் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, பாக்கெட்டில் அடைத்து விற்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. விற்பனை தேங்கி நின்ற ஓராண்டில், காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தை அணுகினோம். 38 பக்கத்தில் ஓர் அறிக்கை வந்தது. “போட்டி பிராண்டின் தங்கநிற ஜிப் பவுச் தரமான பொருள் என்ற எண்ணத்தைத் தருவதால் வாடிக்கையாளர்கள் அதையே விரும்புகிறார்கள், ஆகவே நீங்களும் பவுச்சை மாற்ற வேண்டும்” என்பதே அதன் சாரம். மாற்றினோம். வடிவமைப்புக் கூலி, நிறத்துக்கு ஒன்றாக அச்சு சிலிண்டர், குறைந்தபட்ச ஆர்டர் அளவுக்குப் பவுச் சுருள், வீணாகிப்போன பழைய சுருள் என்று மொத்தம் ரூ. 2,60,000 செலவாயிற்று. எட்டு மாதம் கழித்தும் விற்பனை கிலோ கணக்கில் ஏறவில்லை. காரணம் எங்கள் விநியோகஸ்தரின் மேசை மேலேயே ஒரு சுற்றறிக்கையாகக் கிடந்தது: போட்டி நிறுவனம் கடைக்காரர்களுக்கு ஒரு டஜன் பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்டை இலவசமாகவும், 15 நாள் கடனும் கொடுத்துவந்தது.

அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அதன் எண்கள் சரியாகவே இருந்தன. எண்ணிலிருந்து காரணத்துக்குத் தாவிய இடத்தில்தான் பிழை இருந்தது. அந்தத் தாவலைக் கண்டுபிடிக்க நாங்கள் ஓராண்டு கழித்துக் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களும், விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்து இத்தகைய அறிக்கைகளைப் படித்து முடிவு சொல்ல வேண்டியவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம். நான் அறிந்த பொருள் காப்பித்தூள் என்பதால் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே வருகின்றன. நீங்கள் எண்ணெயோ மசாலாவோ சோப்போ விற்றாலும் முறை மாறாது.

1. முடிவு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

அறிக்கையின் முடிவுரையை ஒரு தாளில் எழுதி, அதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்டது என்ன, அதற்குச் சொல்லப்படும் காரணம் என்ன, செய்யச் சொல்வது என்ன? எங்கள் அறிக்கையில் கண்டது, “பேட்டி கண்ட 212 பேரில் 58% பேர் போட்டி பிராண்டைக் குறிப்பிட்டார்கள்” என்பது. காரணம், பவுச். செய்யச் சொன்னது, பவுச்சை மாற்றுவது.

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, அதற்கான ஆதாரம் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பக்க எண்ணைக் குறியுங்கள். முதல் பகுதிக்கு எங்களுக்கு ஆறு பக்கங்கள் கிடைத்தன. இரண்டாம் பகுதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம்: இரண்டு பவுச்களையும் அருகருகே வைத்து, “எது பார்க்க நன்றாக இருக்கிறது?” என்று கேட்டதற்கு வந்த விடைகள். பார்க்க நன்றாக இருப்பது எது என்ற கேள்வியின் விடையை, ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்வியின் விடையாக மாற்றிவிட்டிருந்தார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தத் தாளை எழுதியிருந்தால் அன்றைக்கே எங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

2. உங்கள் ஆவணங்களை ஒரு வாரத்துக்குள் திரட்டுங்கள்

இதற்குப் பணச் செலவு இல்லை. கேட்டு வாங்கும் பொறுமைதான் வேண்டும். திரட்ட வேண்டியவை இவை:

- கடந்த 24 மாதங்களுக்கு, பாக்கெட் அளவு வாரியாக உங்கள் விற்பனைப் பட்டியல்
- விநியோகஸ்தர் எந்தக் கடைக்கு எவ்வளவு போட்டார் என்பதைக் காட்டும் ஜி.எஸ்.டி. பில்களின் சுருக்கம்
- உங்கள் விலை, கடைக்காரருக்கான லாப விகிதம், கடன் நாள் ஆகியவை மாறிய தேதிகள்
- போட்டி நிறுவனத்தின் திட்டச் சுற்றறிக்கைகள், அதாவது கடைக்காரர்களுக்குத் தரும் இலவசம், கடன் போன்ற சலுகைகளை அறிவிப்பவை. இவற்றைக் கடைக்காரர்களிடமும் விநியோகஸ்தரின் விற்பனையாளர்களிடமும் நேரில் கேட்டால் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள்
- உங்கள் சரக்கு கடையில் இல்லாமல் போன நாட்களின் குறிப்பு
- ஆய்வு நிறுவனம் பயன்படுத்திய அசல் கேள்வித்தாள், பேட்டி நடந்த இடம், நாள், நேரம், ஒவ்வொருவர் விடையும் உள்ள அட்டவணை

கடைசியாகச் சொன்னதைக் கேட்கத் தயங்காதீர்கள். அறிக்கைக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் தயாரிக்கப்பட்டு, களத்தில் தமிழில் கேட்கப்பட்டிருந்தால், இரண்டு வடிவங்களையும் வாங்குங்கள். எங்கள் ஆங்கிலப் படிவத்தில் “விரும்பும் பிராண்ட்” என்று இருந்த கேள்வி, பேட்டி எடுத்தவரின் தமிழ்ப் படிவத்தில் “நல்ல பிராண்ட்னு எதைச் சொல்வீங்க?” என்று மாறியிருந்தது. நல்லது என்று ஊரே சொல்லும் பொருளைத் தன் வீட்டுக்கு வாங்காதவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

3. விற்றதையும் விரும்பியதையும் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு பிராண்ட் அதிகம் விற்கிறது என்பதிலிருந்து வாடிக்கையாளர் அதை அதிகம் விரும்புகிறார் என்று முடிவு செய்வது மிகவும் எளிது. அது பெரும்பாலும் அரைகுறை உண்மையாகவே இருக்கும். வாடிக்கையாளருக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே கடைக்காரரின் கை இருக்கிறது.

அதை நான் கண்ணால் பார்த்தது லால்குடியில் ஒரு மளிகைக் கடையில். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காப்பித்தூள் வாங்கிய ஒவ்வொருவரும் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் 17 பேர் வாங்கினார்கள். அவர்களில் பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் ஐந்து பேர். மற்ற 12 பேரும், “அண்ணே, காப்பித்தூள் ஒரு அம்பது கிராம் பாக்கெட்டு” என்பது போலத்தான் கேட்டார்கள். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கைக்கு எட்டும் கொக்கியில் தொங்கிய சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சரம் போட்டி பிராண்டுடையது. எங்கள் சரம் பின்பக்க அலமாரியில், ஊதுபத்தி டப்பாக்களுக்கு மேலே இருந்தது. ஏன் என்று கேட்டபோது, “அதுல டஜனுக்கு ஒண்ணு நிக்குதுங்க தம்பி” என்றார்.

நீங்களும் குறைந்தது ஐந்து கடைகளில், கடைக்கு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அவற்றில் இரண்டு கடைகளிலாவது மாதத்தின் முதல் வாரத்தில் உட்காருங்கள். சம்பளம் வந்ததும் மொத்தமாக வாங்குபவர் 200 கிராம், அரை கிலோ என்று பெயர் சொல்லி வாங்குவதும், மாதக் கடைசியில் சில்லறையாக வாங்குபவர் கிடைத்ததை வாங்குவதும் வேறு வேறு நடத்தைகள். பெயர் சொன்னவர், சொல்லாதவர், சொன்ன பெயர் இல்லாதபோது வேறொன்றை வாங்கியவர், வாங்காமல் திரும்பியவர் என நான்கு பத்திகள் போட்ட ஒரு நோட்டு போதும். வாங்காமல் திரும்புபவர்களை எண்ணுவது மிகவும் அவசியம். உண்மையான பிராண்ட் பற்று அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

4. யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள்

எங்கள் ஆய்வின் 212 பேட்டிகளும் ஒரு சனி, ஞாயிறு மாலைகளில் தில்லைநகரிலுள்ள சூப்பர் மார்க்கெட் வாசல்களில் எடுக்கப்பட்டவை. எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் லால்குடி, முசிறி, துறையூர்ப் பகுதி மளிகைக் கடைகளில் நடக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் தானே அலமாரியிலிருந்து எடுக்கிறார் என்பதால் அங்கே பவுச்சுக்கு ஓரளவு செல்வாக்கு இருக்கலாம். அதை வைத்து துறையூர்க் கடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். சந்தையிலிருந்து பாரபட்சமின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலே, 100 பேரைக் கேட்டால் வரும் சதவீதம் ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேரானால் 5 புள்ளிகள். கடை வாசலில் அகப்பட்டவர்களைக் கேட்டால் இந்தக் கணக்குக்குக்கூட இடமில்லை. மொத்த எண் பெரிதாக இருந்தாலும், உட்பிரிவுகளில் அது கரைந்துவிடும். எங்கள் அறிக்கை, “25 முதல் 35 வயதுப் பெண்கள் ஜிப் பவுச்சை உறுதியாக விரும்புகிறார்கள்” என்று தடித்த எழுத்தில் சொன்னது; அட்டவணையை வாங்கிப் பார்த்தபோது அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 31 பேர்.

விட்டுப் போனவர்களைக் கேட்டார்களா என்பதும் முக்கியம். உங்கள் பொருளை இப்போதும் வாங்குபவர்களிடம் மட்டும் கேட்டால், எல்லாரும் மணத்தைப் புகழ்வார்கள். மணம் பிடிக்காமல் விலகியவர் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்.

5. எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள்

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் எவரும் ஒரு காரணம் சொல்வார்கள். நின்று கேட்பவரின் மனம் கோணக் கூடாது என்பதற்காகவும், தன்னை விவரமானவராகக் காட்டிக்கொள்வதற்காகவும், “தரம்” என்ற சொல் முதலில் வரும். அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை என்றால் அந்த விடையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கருத்தைக் கேட்பதைவிடக் கடைசியாக நடந்ததைக் கேட்பது பயன் தரும். “போன தடவை எந்தக் கடையில், என்றைக்கு, எவ்வளவு வாங்கினீர்கள்? கேட்டது கிடைத்ததா?” என்ற கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் தேவை இருக்காது. இயன்றால் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். உறையூரில் ஒரு வீட்டில், “நாங்க பத்து வருஷமா இதுதான்” என்று ஒரு பிராண்டைச் சொன்ன அம்மா, நான் கேட்டதும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டு மடித்து வைத்திருந்த பாக்கெட் வேறொரு பிராண்ட். அவர் மறைக்கவில்லை. கடையிலிருந்து பையன் வாங்கி வந்ததை அவர் பெயர் பார்க்காமலேயே வைத்திருந்தார். 20 வீடுகளில் இப்படி டப்பாவைப் பார்க்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

6. வேறு எந்தக் காரணமெல்லாம் இதே எண்ணைத் தரும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, விற்பனைக்குக் கீழே விலை மாற்றம், திட்டம், சரக்குத் தட்டுப்பாடு, விளம்பரம், பண்டிகை, கல்யாண முகூர்த்த மாதங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். காரணம் என்று சொல்லப்படுவது, விளைவுக்கு முன்னால் வந்ததா என்று பாருங்கள். போட்டி பிராண்டின் தங்கப் பவுச் சந்தைக்கு வந்தது ஆகஸ்டில். எங்கள் விற்பனை தேங்கத் தொடங்கியது அதற்கு முந்தைய மார்ச்சில். இந்த ஒரு வரிசையே அறிக்கையைத் தள்ளிவைக்கப் போதுமானதாக இருந்தது.

பொருளின் உள்ளே இருக்கும் காரணங்களையும் விடாதீர்கள். “அது நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு” என்று வாடிக்கையாளர் சொன்னால், கொட்டை உயர்ந்தது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. சிக்கரி அதிகம் சேர்ந்த தூளில் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும். சிக்கரியில் காஃபின் கிடையாது. காப்பி, சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கலவை விகிதம் பாக்கெட்டின் மீது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இரண்டு பாக்கெட்டுகளையும் திருப்பி அந்த விகிதத்தைப் படியுங்கள். 80க்கு 20 கலவையையும் 55க்கு 45 கலவையையும் ஒப்பிட்டுவிட்டு, பிராண்டின் மதிப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

எண்ணும் அலகிலும் ஒரு கண்ணி உண்டு. 2024-இல் உலகச் சந்தையில் காப்பிக்கொட்டை விலை கடுமையாக ஏறியபோது நாங்களும் விலையை ஏற்றினோம். 200 கிராம் வாங்கிய பலர் 50 கிராமுக்கு இறங்கினார்கள். பாக்கெட் எண்ணிக்கை கூடியது, கிலோ குறைந்தது. பாக்கெட் கணக்கை மட்டும் பார்த்த எங்கள் விற்பனையாளர், “சின்ன பாக்கெட் ஹிட் ஆயிடுச்சு” என்று மகிழ்ந்தார். அதேபோல், “அவர்கள் 50% வளர்ந்தார்கள்” என்று எவர் சொன்னாலும், எதிலிருந்து என்று கேளுங்கள். மாதம் 40 கிலோ விற்றவர் 60 கிலோவுக்குப் போவதும், 4,000 கிலோ விற்றவர் 6,000 கிலோவுக்குப் போவதும் ஒன்றல்ல.

7. ருசிதான் காரணம் என்றால், பெயரை மறைத்துக் குடிக்கக் கொடுங்கள்

40 பேர், ஒரு ஞாயிறு காலை, தெரிந்தவர் வீட்டு மாடி. எங்களுக்குப் பால், தூள், காகிதக் கோப்பை, வந்தவர்களுக்குச் சிற்றுண்டி எல்லாம் சேர்த்து ரூ. 3,400 ஆனது. ஊழியர்களையும் உறவினர்களையும் அழைக்காதீர்கள். இரண்டு தூள்களையும் ஒரே அளவில், ஒரே மாதிரி ஃபில்டரில், ஒரே சூட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். பாலும் சர்க்கரையும் அளந்து சேருங்கள். கோப்பைகளில் 1, 2 என்றோ அ, ஆ என்றோ எழுதாமல் 417, 863 போன்ற எண்களை எழுதுங்கள். முதலாவது என்பதே உயர்ந்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு ஒன்றை முதலிலும், மீதிப் பேருக்கு மற்றொன்றை முதலிலும் கொடுங்கள். கொடுப்பவருக்கும் எது எந்தத் தூள் என்று தெரியக் கூடாது.

40 பேரில் 27 பேராவது ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அதைத் தற்செயல் அல்ல என்று ஏற்கலாம். 20 பேரை மட்டும் வைத்துச் செய்தால் 15 பேர், 100 பேர் என்றால் 61 பேர். எங்களுக்கு வந்தது 23க்கு 17, எங்கள் தூளின் பக்கம். வென்றோம் என்று இதைச் சொல்ல முடியாது. ருசியினால்தான் பெரிய அளவில் தோற்கிறோம் என்ற ஐயத்தை மட்டும் இது பெருமளவு குறைத்தது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 1985 ஏப்ரலில் கோகோ கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் ருசி பார்த்த பிறகே தன் பழைய செய்முறையை மாற்றியது; மக்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு ஜூலையில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு வாய் குடித்துப் பார்க்கும்போது இனிப்பானது முந்தும்; தினமும் முழுதாகக் குடிப்பவரின் கணக்கு வேறு. பழையதை இழக்கச் சம்மதமா என்ற கேள்வியும் அந்தக் கோப்பையில் அடங்காது. ஆகவே, முடிவு மிகவும் முக்கியமானதென்றால், பெயரில்லாத 100 கிராம் பொட்டலங்களைப் பத்து வீடுகளுக்குக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து எது தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

8. முழுச் சந்தையில் மாற்றும் முன் 12 கடைகளில் மாற்றிப் பாருங்கள்

ஏறத்தாழ ஒரே அளவு வியாபாரமுள்ள 12 கடைகளை எடுத்து, குலுக்கிப் போட்டு ஆறு ஆறாகப் பிரியுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால், உங்களுக்கு நெருக்கமான கடைக்காரர்களே மாற்றம் செய்யும் பக்கம் வந்துவிடுவார்கள். ஆறு கடைகளில் மட்டும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து எட்டு வாரம் காத்திருங்கள். எவ்வளவு உயர்ந்தால் மாற்றத்தை ஏற்பது, எவ்வளவுக்குக் கீழே இருந்தால் கைவிடுவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் நம் ஆசை ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடும்.

கடைக்குப் போட்ட சரக்கை விற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். வாரத் தொடக்க இருப்பு, அதோடு வாங்கியது, அதில் வாரக் கடைசி இருப்பைக் கழித்தால் வருவதுதான் விற்பனை. நாங்களும் டஜனுக்கு ஒன்று இலவசம் கொடுத்துப் பார்த்தோம். பில்லின்படி ஆறு கடைகளின் எட்டு வாரக் கொள்முதல் 82 கிலோவிலிருந்து 121 கிலோவாக ஏறியது. அலமாரியை எண்ணியபோது உண்மையில் விற்றது 103 கிலோ. மீதி, திட்டம் முடிவதற்குள் கடைக்காரர்கள் வாங்கி அடுக்கியது. மாற்றம் செய்யாத ஆறு கடைகளில் இதே காலத்தில் 80 கிலோ 83 ஆனது. அலமாரியை எண்ண வாரம் ஒரு பகல் ஒருவருக்கு வேலை. கூலியும் பெட்ரோலுமாக எட்டு வாரத்துக்கு ரூ. 7,200 கொடுத்தோம்.

9. அடுத்த ஆய்வை ஒப்படைக்கும்போது வேலை ஆணையில் எழுத வேண்டியவை

வெளி நிறுவனத்திடம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம்மால் போக முடியாத ஊர்களுக்கு அவர்கள்தான் போக வேண்டும். ஆனால் சில நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்க் கேள்வித்தாளை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே களப்பணி தொடங்க வேண்டும். பேட்டி இடங்கள் உங்கள் விற்பனைப் பரவலை ஒத்திருக்க வேண்டும். பெயர், கைப்பேசி எண் நீக்கப்பட்ட முழு விடை அட்டவணை உங்களுக்கு வர வேண்டும். காரணம் என்று அறிக்கை சொல்லும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மாற்று விளக்கங்களும், அவற்றை ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

சொல்லப்படும் கட்டணத்தோடு 18% ஜி.எஸ்.டி. சேரும் என்பதைப் பட்ஜெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி 30 சதவீதத்தை அட்டவணை கைக்கு வந்து, நீங்கள் அதை எண்ணிப் பார்த்த பிறகு கொடுங்கள். ஆவணம் திரட்டுவதிலிருந்து 12 கடைச் சோதனை முடிவது வரை எங்களுக்கு மொத்தம் 14 வாரம் ஆனது. ஆகவே பொங்கல், தீபாவளிக்கு முன் மாற்றம் வேண்டுமென்றால் ஐந்து மாதம் முன்பே தொடங்குங்கள். பண்டிகை வாரங்கள் சோதனைக் காலத்துக்குள் விழுந்தால் அந்த எண்களைத் தனியாக எழுதி, ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுங்கள்.